ஐடிஐ ஏசி மெக்கானிக் பிரிவு: 24 பேர், ஒரு பட்டறை, முதல் ஆறு மாசம் எப்படி நடத்தலாம்?

புதுப்பயிற்றுநர் | தர்மபுரி

வணக்கம். இந்த ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து ஐடிஐ-யில் குளிர்சாதன, ஏசி பிரிவை நான்தான் பார்க்கணும். ரெண்டு வருசப் படிப்பு, பேட்சுக்கு 24 பேர், எல்லாரும் பத்தாவது முடிச்சு வர்றவங்க.

பட்டறையில் இருக்கிறது: ஓடுற ஸ்பிளிட் மூணு (ஆர்22 கேஸ்ல ஒண்ணு, ஆர்32 கேஸ்ல இன்வர்ட்டர் ரெண்டு), விண்டோ ஏசி ஒண்ணு, பழைய ஃபிரிட்ஜ் நாலு, கேஜ் செட் (அழுத்தம் பார்க்க) நாலு, வேக்கம் பம்ப் (உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுக்க) ரெண்டு, பிரேசிங் செட் (குழாயைச் சூடாக்கிக் கம்பி உருக்கி ஒட்ட) ரெண்டு. நைட்ரஜன் சிலிண்டர் இல்லை. எடை மெஷினும் இல்லை.

கொள்முதலுக்கு ஒதுக்கின தொகை கொஞ்சம்தான், முதல்ல எதை வாங்கலாம்? எதை முன்னாடி சொல்லிக் கொடுக்கணும், எதைப் பின்னாடி வைக்கலாம்? 24 பேரும் ஒரே மெஷினைச் சுத்தி நிக்காம எப்படிப் பிரிக்கிறது?

இன்னொண்ணு. ரெண்டு வேக்கம் பம்பும் எவ்வளவு நேரம் ஓடினாலும் கேஜ் முள் 28 அங்குலத்தைத் தாண்ட மாட்டேங்குது. 30 வரணும்னு புத்தகத்துல இருக்கு. பம்ப் போயிடுச்சா?

ஓசூர்காத்து | ஓசூர்

பம்பை மாத்திடாதீங்க சார். 29.9 அங்குலம் பாதரசம்ங்கிறது கடல் மட்டத்துக்கான கணக்கு. தர்மபுரி ஏறக்குறைய 470 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தமே 28 அங்குலமும் சொச்சமும்தான். இருக்கிற காத்து மொத்தத்தையும் உறிஞ்சி எடுத்தாலும் முள் அதுக்கு மேல போக வழியே இல்லை. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். இங்க 27-லயே நின்னுடும். பசங்களுக்கு இதை முதல் வாரமே கரும்பலகையில போட்டுக் காட்டிடுங்க. இல்லேன்னா கேஜ் திருகைத் திருகி 30-க்குக் கொண்டுவந்து வச்சுடுவாங்க, அப்புறம் அந்தக் கேஜ் காட்டுற எந்த எண்ணும் சரியா இருக்காது.

ஆனா 28-ல நின்னுட்டா நல்ல வேக்கம்னும் நம்ப முடியாது. மைக்ரான்னா மில்லிமீட்டர் பாதரசத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. 5000 மைக்ரானுக்கும் 500 மைக்ரானுக்கும் நடுவுல இருக்கிறது 4.5 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது அங்குலத்துல ஆறில் ஒரு பங்கு. முள் கேஜுல அந்த இடைவெளி முள்ளோட தடிமன் அளவுக்குத்தான் தெரியும். சிஸ்டம் காஞ்சிருக்கா, ஈரமா இருக்கான்னு தீர்மானிக்கிறதே அந்த இடைவெளிதான். அதுக்கு மைக்ரான் கேஜ் வேணும். அது முழு வெற்றிடத்தைப் பூஜ்யமா வச்சு அழுத்தத்தை அளக்குது, ஊர் உயரம் அதைத் தொடாது.

பம்பைச் சோதிக்க: பழைய எண்ணெயை வடிச்சுட்டுப் புது வேக்கம் எண்ணெய் ஊத்துங்க, மைக்ரான் கேஜை நேரா பம்ப் வாயில மாட்டுங்க. 100 மைக்ரானுக்குக் கீழ வந்தா பம்ப் நல்லா இருக்கு. வரலேன்னா எண்ணெயை இன்னொரு தடவை மாத்துங்க. எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தா அதுல தண்ணி சேர்ந்திருக்கு.

செம்புக்குழாய் | கிருஷ்ணகிரி

புதிய பொறுப்புக்கு வாழ்த்துகள். கொள்முதல் வரிசை பற்றி.

முதலில் நைட்ரஜன். இரண்டாவது, 5 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் எடை மெஷின். மூன்றாவது, ஓசூர் நண்பர் சொன்ன மைக்ரான் கேஜ். நான்காவது, முறுக்கு ஸ்பேனர். டிஜிட்டல் கேஜ் செட்டைக் கடைசியில் வையுங்கள். பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று முதலில் அதை வாங்கிவிட்டு, நைட்ரஜனுக்குக் காசில்லாமல் நிற்கும் பட்டறைகள் நிறைய.

காரணம் இது. நம் மாவட்டங்களில் ஏசி வேலை என்றாலே "கேஸ் போடுறது" என்று ஆகிவிட்டது. மூடிய சுற்றில் கேஸ் தீராது. குறைந்திருந்தால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றிவிட்டு வருகிற ஆள் ஆறு மாதத்தில் அதே வீட்டுக்குத் திரும்பப் போகிறார். இந்தப் பழக்கத்தை உடைக்காவிட்டால் சான்றிதழ் வாங்கிய பையனுக்கும், கடையில் எடுபிடியாக இருந்து கற்றவனுக்கும் வித்தியாசம் இல்லை. ஓட்டையைத் தேட நைட்ரஜன், காயவைத்ததை உறுதி செய்ய மைக்ரான் கேஜ், சரியான அளவு ஏற்ற எடை மெஷின். இந்த மூன்றும் பட்டறையில் இல்லாமல் நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், பையன் கற்றுக்கொள்வது கேஸ் போடுவதைத்தான்.

நைட்ரஜன் செலவு பயப்படும் அளவு இல்லை. 47 லிட்டர் சிலிண்டர் 150 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 7,000 லிட்டர் வாயு தரும். பிரேசிங் செய்யும்போது நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடவிட்டால் 39 மணி நேரம் வரும். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை யாரும் தொடக்கூடாது. ஆக்சிஜனை வைத்து அழுத்தச் சோதனை செய்யும் கொடிய பழக்கம் சில இடங்களில் உண்டு. எண்ணெய் இருக்கும் கம்ப்ரசருக்குள் அழுத்தத்தோடு ஆக்சிஜன் போனால் வெடிக்கும். இதை முதல் நாளே சொல்லுங்கள், சுவரிலும் எழுதி வையுங்கள்.

புதுப்பயிற்றுநர்

28 விவரத்துக்கு ரொம்ப நன்றி. பிரேசிங்குக்கு நைட்ரஜன் எதுக்குன்னு பசங்க நம்புற மாதிரி எப்படிக் காட்டுறது? வெளியே பார்த்தா ரெண்டு ஜாயிண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

செம்புக்குழாய்

அறுத்துக் காட்டுங்கள். 3/8 அங்குலக் குழாயில் இரண்டு ஜாயிண்ட், ஒன்று நைட்ரஜனோடு, ஒன்று இல்லாமல். ஆறியதும் இரண்டையும் ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் பிளந்து மேசையில் வையுங்கள். நைட்ரஜன் ஓடியது உள்ளே புதுச் செம்பு போலப் பளபளவென்று இருக்கும். மற்றதில் அடுப்புக்கரி போலக் கருப்புப் படலம். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதில்தான் கேப்பிலரி என்ற மெல்லிய குழாயிலும் ஃபில்டர் ட்ரையர் என்ற வடிகட்டியிலும் போய் அடைக்கிறது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மதிப்பெண்ணையும் அப்படியே போடுங்கள். ஒவ்வொருவரும் செய்த ஜாயிண்டை அவரவரே அறுத்து, உள்பக்கத்தைக் காட்டி மதிப்பெண் வாங்க வேண்டும். செய்முறையில் தேர்ச்சிக்கு 60 சதவீதம் வேண்டும், மற்ற பாடங்களுக்கு 33 போதும். அந்த 60 கைத்திறனுக்காகத்தான், தாளில் எழுதுவதற்காக அல்ல.

பிரேசிங்கில் பையன்கள் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: கம்பியைச் சுடரில் காட்டி உருக்கிச் சொட்டவிடுகிறார்கள். சூடாக வேண்டியது குழாய். முதலில் உள்ளே போகும் குழாய், பிறகு ஸ்வேஜ் செய்த (மற்றக் குழாய் நுழையும்படி விரித்த) வாய், சுடரை அசைத்துக்கொண்டே. செம்பு மங்கிய சிவப்புக்கு வந்ததும், சுடர் படும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கம்பியைத் தொட வேண்டும். சூடு சரியாக இருந்தால் உலோகம் தானாகச் சுற்றி ஓடி இடுக்குக்குள் இறங்கும். கம்பி உருண்டையாகத் திரண்டு நின்றால் சூடு போதவில்லை. செம்போடு செம்புக்குப் பாஸ்பரஸ் கலந்த கம்பி போதும், ஃப்ளக்ஸ் வேண்டாம். பித்தளையோ இரும்போ சேர்ந்தால் வெள்ளிக் கம்பியும் ஃப்ளக்ஸும். பாஸ்பரஸ் கம்பியை இரும்பில் போட்டால் பிடித்தது போல இருக்கும், அதிர்வில் விரிசல் விடும். நைட்ரஜனைச் சிறு ஓட்டமாக மட்டும் விடுங்கள், குழாயின் மறுமுனையைத் திறந்தே வையுங்கள். அடைத்தால் உருகிய உலோகத்தை உள்ளிருந்து ஊதித் தள்ளிவிடும்.

எர்த்து_முதல்ல | காவேரிப்பட்டினம்

செம்புக்குழாய் ஐயா சொல்றது எல்லாம் சரி. ஆனா காப்பர் வேலையை முதல்ல வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லை. முதல் ஆறு வாரம் மின்சாரம்தான் வரணும். புகார்னு வர்றதுல பெரும்பங்கு கெபாசிட்டர், லூஸ் கனெக்‌ஷன், ஃபேன் மோட்டார், போர்டு. அதைப் பார்க்கத் தெரியாதவன்தான் உடனே கேஜை மாட்டுறான். மாட்டிக் கழட்டுற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கேஸ் வீணாப் போகுது.

என் வரிசை இப்படி: மல்டிமீட்டர், தொடர் விளக்கு போர்டு, ரிலே, ஓவர்லோட், அப்புறம் கம்ப்ரசர் வைண்டிங் (மோட்டார் சுருள்). மூணு முனைக்கும் பேர் ஒட்டாத பழைய கம்ப்ரசரைக் கொடுத்துக் காமன், ஸ்டார்ட், ரன் எதுன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. ரெண்டு முனைக்கு நடுவுல மிக அதிக ஓம் வந்தா மிச்சம் இருக்கிற முனை காமன். காமன்லிருந்து அதிகம் காட்டுறது ஸ்டார்ட், குறைச்சல் காட்டுறது ரன். 2.0, 3.1 வந்தா மூணாவது அளவு 5.1 வரணும். கூட்டல் வரலேன்னா அளந்தது தப்பு, இல்லை வைண்டிங் போச்சு. இன்வர்ட்டர் கம்ப்ரசர்ல இந்தக் கணக்கு இல்லை. அங்க மூணு அளவும் சமமா இருக்கணும்.

கெபாசிட்டரை ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்றதை நீங்களே செஞ்சு காட்டிடாதீங்க, பசங்க அப்படியே பிடிச்சுக்குவாங்க. 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை ரெண்டு கிளிப்போட சேர்த்துப் பட்டறையில தொங்க விடுங்க. இன்வர்ட்டர் போர்டுல 230 வோல்ட் நேர்மின்னாகி 325-க்குப் பக்கத்துல நிக்குது. மெயினை ஆஃப் பண்ணின பிறகும் அது உடனே இறங்காது. மீட்டர் வச்சு 50 வோல்ட்டுக்குக் கீழ வந்ததைக் கண்ணால பார்த்த பிறகுதான் கை வைக்கணும்.

செம்புக்குழாய்

ஒத்துக்கொள்கிறேன். மின்சாரம் முன்னால் வரட்டும். ஆனால் ஆறு வாரமும் வெறும் போர்டு என்றால் பையன்கள் நின்றுவிடுவார்கள். ஏசி கற்க வந்தவன் செம்பைத் தொட வேண்டும். காலையில் மின்சாரம், மதியம் குழாய் வெட்டு, ஃபிளேர் (நட்டு பிடிக்கக் குழாய் வாயைக் கூம்பாக விரிப்பது), ஸ்வேஜ் என்று இரண்டையும் ஓட்டலாம்.

ஓசூர்காத்து

ஃபிளேருக்கு எவ்வளவு குழாய் ஆகும்னு கணக்கு போட்டுடலாம். ஒரு ஃபிளேர் போட்டு வெட்டி எறிய 3 சென்டிமீட்டர். ஆளுக்கு 20 ஃபிளேர்னா 60 சென்டிமீட்டர், 24 பேருக்கு 14.4 மீட்டர். 15 மீட்டர் சுருள் ஒண்ணு சரியாப் போச்சு. 1/4-க்கு ஒண்ணு, 3/8-க்கு ஒண்ணு வாங்கினா போதும். துண்டு செம்பைத் தனியா எடுத்து எடைக்குப் போடுங்க.

பசங்க மறக்கிறது: நட்டை முதல்ல மாட்டணும். பிசிர் எடுக்கும்போது குழாய் வாயைக் கீழ்நோக்கிப் பிடிக்கணும், தூள் உள்ள போகக்கூடாது. பிசிரை அளவுக்கு மீறிச் சுரண்டினா விளிம்பு மெலிஞ்சு ஃபிளேர் பிளந்துடும். இறுக்கம் 1/4-க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8-க்கு 34 முதல் 42, 1/2-க்கு 49 முதல் 61. மெஷினோட கையேட்டுல வேற எண் இருந்தா அதுதான் கணக்கு. "நல்லா இறுக்கு"ன்னு சொல்லிக் கொடுத்தா 1/4-ஐ முறிச்சுட்டு 1/2-ஐ லூசா விடுவாங்க. முறுக்கு ஸ்பேனர் கையில இருந்து ஒரு மாசம் பழகினா அப்புறம் கையே சொல்லும்.

புதுப்பயிற்றுநர்

ஆர்32 பத்திப் பயமா இருக்கு. தீப்பிடிக்கும்னு சொல்றாங்க. முதல் வருசமே கொடுக்கலாமா?

குளிரறை | ஓசூர்

கொடுத்தே ஆகணும் சார். 2025 தொடக்கத்தோடு புது மெஷின்ல ஆர்22 நின்னாச்சு. இனி இருக்கிறதைச் சர்வீஸ் பண்றது மட்டும்தான். கார்பன் டை ஆக்சைடை 1-னு வச்சா ஆர்32-வோட புவி வெப்பமாக்கும் அளவு 675, ஆர்410ஏ கேஸுக்கு 2088. இந்த ரெண்டும் சேர்ந்த எச்எஃப்சி வகைக்கும் இந்தியா 2028-ல உச்சவரம்பு போடுது, 2032-லிருந்து குறைச்சு 2047-க்குள்ள 85 சதவீதம் வெட்டணும். இப்போ 16 வயசு இருக்கிற பையனுக்கு அப்போ நாப்பதுகூட ஆகியிருக்காது. அவன் தொழில் முழுக்க எரியுற கேஸோடதான். ஆர்290 புரோப்பேன், காத்துல 2 சதவீதம் கலந்தாலே பத்திக்கும். ஆர்32-க்கு 14 சதவீதம் கிட்ட வேணும், அதனால கொஞ்சம் சாது. ஆனா சுடர் பட்டா நச்சுப் புகை வரும்.

பட்டறையில கட்டாயம்: இந்தக் கேஸ் காத்தை விடக் கனம், தரையோட படுத்துக்கும், அதனால தரை மட்டத்துல காத்து வெளியேற வழி வேணும். கேஸ் இருக்கிற குழாயை டார்ச்சால பிரிக்கவே கூடாது. கேஸை மீட்பு மெஷின்ல எடுத்து, நைட்ரஜன் விட்டுக் கழுவி, குழாய் கட்டரால வெட்டி, அப்புறம்தான் நெருப்பு. மீட்பு சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல நிரப்பாதீங்க. ஒரு சிலிண்டருக்கு ஒரே கேஸ், கலந்தா யாருக்கும் உதவாது.

பம்ப்டவுன் பத்தியும் சொல்லணும். ஏசியைக் கழட்டும்போது லிக்விட் வால்வை மூடிட்டுக் கம்ப்ரசரை ஓட்டி கேஸை அவுட்டோருக்குள்ள இழுப்போம். குழாய்ல ஓட்டை இருந்தா, இல்லை நட்டு தளர்ந்திருந்தா, கேஸுக்குப் பதிலா காத்து உள்ள போகும். காத்து, எண்ணெய், அழுத்தம் மூணும் சேர்ந்தா டீசல் இன்ஜின் மாதிரிதான், கம்ப்ரசர் வெடிக்கும். கேஜ் இல்லாம பம்ப்டவுன் கிடையாது. முள் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கும்போதே சக்‌ஷன் வால்வை மூடி மெஷினை நிறுத்தணும். லீக் இருக்கிற மெஷினுக்குப் பம்ப்டவுனே வேண்டாம், மீட்பு மெஷின்தான்.

இன்னொண்ணு, இன்வர்ட்டர்ல அழுத்தத்தைப் பார்த்து கேஸ் ஏத்தக்கூடாது. கம்ப்ரசர் வேகம் மாறிக்கிட்டே இருக்கும், முள்ளும் கூடவே ஆடும். பெயர்த்தகட்டுல போட்டிருக்கிற எடையை மெஷின்ல வச்சு நிறுத்து ஏத்தணும். குழாய் நீளம் கூடினா அதுக்கு எவ்வளவு கிராம்னு கையேட்டுல இருக்கும்.

பால்குளிர் | பாலக்கோடு

எல்லாரும் வீட்டு ஏசியையே பேசுறீங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துல வேலை பால் குளிர்விப்பிலும், மாங்கூழ் ஆலையிலும், புளி குடோன்லயும், ஓசூர் ரோஜா குளிரறையிலும் இருக்கு. பாடத்திட்டத்துல வருசத்துக்கு 150 மணி நேரம் வேலையிடப் பயிற்சி இருக்கே, அதை இங்க போடுங்க.

வகுப்புக்கு ஒரு கணக்கு. 1,000 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு மூணு மணி நேரத்துல இறக்கணும். ஒரு லிட்டர் 1.03 கிலோ, வெப்பக் கொள்ளளவு கிலோவுக்கு, டிகிரிக்கு 3.93 கிலோஜூல், இறங்க வேண்டியது 31 டிகிரி. பெருக்கினா 1,25,500 கிலோஜூல். மூணு மணி நேரத்துக்கு வகுத்தா 11.6 கிலோவாட். ஒரு டன் 3.517 கிலோவாட், அதால வகுத்தா 3.3 டன். வீட்டு ஏசியில 1.5 டன்னுனு சும்மா சொல்ற வார்த்தைக்கு அப்போதான் அர்த்தம் புரியும். 10-ம் வகுப்புக் கணக்கே போதும். வீட்டுல மாடு வச்சிருக்கிற பசங்க இந்தக் கணக்கை உடனே பிடிச்சுக்குவாங்க.

குளிரறை

ரோஜா அறைக்கு ஜனவரியில அனுப்புங்க, பிப்ரவரி 14 ஏற்றுமதிக்காக அறை நிறைஞ்சு இருக்கும். 2 முதல் 4 டிகிரி. காயில் பனி கட்டுறதைப் பார்த்துக் காரணம் சொல்லப் பழகணும். காயில் முழுக்க ஒரே சீராப் பனி மூடியிருந்தா டிஃப்ராஸ்ட் ஹீட்டர், டைமர், ஃபேன், கதவு ரப்பர் பக்கம் போங்க. கேஸ் நுழையுற முனையில மட்டும் பனி, மிச்சம் காஞ்சு இருந்தா கேஸ் குறைச்சல், இல்லை எக்ஸ்பான்ஷன் வால்வு அடைப்பு. அறைக்குள்ள ஆளை அனுப்புறதுக்கு முன்னாடி, உள்ளேயிருந்து கதவைத் திறக்கிற பிடி வேலை செய்யுதான்னு ஒவ்வொருத்தனும் தானே தள்ளிப் பார்க்கட்டும்.

மாங்கூழ் ஆலைக்கு மே, ஜூன்ல போனா கூலிங் டவர் பார்க்கலாம். நம்ம போர் தண்ணி கடினம், கண்டென்சர் குழாய்க்குள்ள உப்புப் படிஞ்சு ஹெட் அழுத்தம் (கம்ப்ரசர் வெளித்தள்ளுற பக்க அழுத்தம்) ஏறும். கேஸ் அதிகம்னு நினைச்சு வெளியே விட்டுடுவாங்க. தண்ணி உள்ள போற வெப்பம், வெளிய வர்ற வெப்பம் ரெண்டையும் அளந்தாலே பாதி விசயம் தெரியும்.

புதுப்பயிற்றுநர்

எல்லாருக்கும் நன்றி. இப்படிப் போட்டிருக்கேன், தப்பிருந்தா சொல்லுங்க. நாலு நாலு பேரா ஆறு குழு, ஆறு இடம்: வைண்டிங் மேசை, கண்ட்ரோல் போர்டு, ஃபிளேர், பிரேசிங், ஃபிரிட்ஜ்ல நைட்ரஜன் சோதனையும் வேக்கமும், ஆர்22 ஸ்பிளிட்ல அளவெடுப்பு. ஒரு இடத்துல மூணு நாள், அப்புறம் சுத்தி மாறும். ஆர்32 நாலாவது மாசத்துலிருந்து. நைட்ரஜன், எடை மெஷின், மைக்ரான் கேஜ் மூணுக்கும் கேட்பு எழுதிட்டேன். வேக்கம் 500 மைக்ரான்ல நிறுத்தி, வால்வை மூடிப் பத்து நிமிசம் பார்க்கிறதுதான் தேர்வு.

ஓசூர்காத்து

நல்லா இருக்கு. அந்தப் பத்து நிமிசத்துல என்ன பார்க்கணும்னும் தாள்ல எழுதி ஒட்டுங்க. ஏறிட்டு 1500, 2000-ல நின்னா ஈரம், இன்னும் ஓட்டணும். நிக்காம ஏறிக்கிட்டே போனா ஓட்டை, திரும்ப நைட்ரஜனும் சோப்பு நுரையும். பம்பைச் சோதிக்கும்போது தவிர, சிஸ்டத்தை இழுக்கும்போது மைக்ரான் கேஜைப் பம்ப் பக்கம் மாட்டாதீங்க, பம்புக்கு எட்டின முனையில மாட்டுங்க. கேஜ் செட் ஓஸ் வழியா இழுத்தா நேரம் ரெண்டு மடங்கு ஆகும். தடிச்ச ஓஸ் ஒண்ணு போட்டு, வால்வு ஊசியைக் கழட்டிட்டு இழுங்க.

எர்த்து_முதல்ல

பிரேசிங் இடமும் ஆர்22 ஸ்பிளிட் இடமும் பக்கத்துல வேண்டாம், பட்டறையோட ரெண்டு கோடியில வைங்க. ஆறு இடத்துக்கும் தனித்தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா தானா அணையுற சுவிட்ச்) போடுங்க. ஒரே ஆர்சிசிபி-யில ஆறையும் கோத்தா, ஒரு குழு தப்பு பண்ணினா 24 பேரும் இருட்டுல நிப்பாங்க, அப்புறம் யாராவது அதை நேரா கட்டி விட்டுடுவாங்க.

செம்புக்குழாய்

நைட்ரஜன் சிலிண்டர் வருவதற்கு முன்பே சுவரில் சங்கிலிக் கொக்கி அடித்து வையுங்கள். சிலிண்டர் வந்த அன்று மூலையில் சாய்த்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது அப்படியே இருந்துவிடும். கொக்கி தரையிலிருந்து சிலிண்டர் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் வர வேண்டும். ரெகுலேட்டரைக் கழற்றிய நேரமெல்லாம் வால்வின் மேல் இரும்பு மூடி இருக்க வேண்டும்.

புதுப்பயிற்றுநர்

கொக்கி நாளைக்கே அடிச்சுடறேன் ஐயா. ஆர்சிசிபி ஆறுக்கும் சேர்த்துக் கேட்பைத் திருத்தி அனுப்பறேன்.